அளந்து செய்யும் காயம்



கத்தி வைக்காமல், மயக்க மருந்து கொடுக்காமல், ஒரு கருவியை உடம்பின்மேல் வைத்தே இடுப்புச் சதையைக் கரைக்கலாம், தளர்ந்த தோலை இறுக்கலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இது நிஜமா என்று கேட்டுக்கொண்டுதான் பெரும்பாலோர் என்னிடம் வருகிறார்கள். நிஜம்தான், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தோல் மருத்துவராக இந்தக் கருவிகளை நானும் பயன்படுத்துகிறேன். இவை வேண்டாம் என்று சொல்வதற்காக இங்கே வரவில்லை. ஆனால் விளம்பரத்தில் வராத ஒரு செய்தி இருக்கிறது. இந்தக் கருவிகள் பெரும்பாலும் உடம்புக்குள் காயம் செய்கின்றன. ஒன்று குளிரால் செய்கிறது, ஒன்று மின்சாரச் சூட்டால், ஒன்று ஒலியால், ஒன்று ஒளியால். மேல்தோல் கிழியாமல், அளவோடு, உள்ளே செய்கிற காயம். அதை ஆற்றுவதற்கு உடம்பு வாரக்கணக்கில் பாடுபடுகிறது. அந்த உழைப்பின் விளைவைத்தான் நாம் பலன் என்கிறோம். கருவி தொடங்கிவைக்கிறது, முடித்துக்கொடுப்பது உடம்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதை எதிர்பார்க்கலாம், எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும், யார் கையில் உடம்பைக் கொடுக்கலாம் என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

முதலில் வயிற்றை எடுத்துக்கொள்வோம். “மேடம், வெயிட் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், இந்த வயிறு மட்டும் குறையணும்” என்று ஒருவர் சொன்னால், கருவி இருக்கும் பக்கமே நான் போவதில்லை. அவரை நிற்கச் சொல்லி, தொப்புளுக்குப் பக்கத்தில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பார்க்கிறேன். மடிப்பாகக் கையில் வருவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. கொழுப்பைக் குறைக்கும் கருவிகளுக்கு எட்டக்கூடியது அது ஒன்றுதான். சிலருக்கு, குறிப்பாக நாற்பது வயது தாண்டிய ஆண்களுக்கு, வயிறு நன்றாக முன்னால் தள்ளியிருக்கும்; பிடித்தால் விரலில் எதுவும் சிக்காது, தோல் விண்ணென்று இருக்கும். அவர்களுடைய கொழுப்பு வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலையும் மற்ற உறுப்புகளையும் சுற்றிச் சேர்ந்திருக்கிறது. அங்கே எந்தக் கருவியும் போய்ச் சேராது. அதற்குப் பணம் வாங்குவது தவறு என்பதை இந்த மேடையிலும் சொல்கிறேன், என் துறைக்காரர்கள் கூட்டத்திலும் சொல்கிறேன்.

இன்னொரு வகை வயிறு இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாற்றப்படுகிறவர்கள் இவர்கள்தான். இரண்டு பிரசவம் ஆன பெண்கள். எடை பழைய எடைக்கு வந்திருக்கும், கை கால் மெலிந்திருக்கும். வயிறு மட்டும் ஐந்து மாதக் கர்ப்பம்போல நிற்கும். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் கூனிக் குறுகிப்போவார்கள். அவர்களை மல்லாக்கப் படுக்கவைத்து, கையை ஊன்றாமல் தலையை மட்டும் தூக்கச் சொல்வேன். அப்போது தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் என் விரல்களை வைத்து அழுத்தினால், இரண்டு பக்கத்துத் தசைகளுக்கும் நடுவில் விரல் உள்ளே இறங்கும். இரண்டு விரல் அகலம், சிலருக்கு மூன்று விரல் அகலம். குழந்தைக்கு இடம் விட்டு விலகிய தசைகள் மறுபடியும் ஒன்றுசேரவில்லை. அந்த இடைவெளி வழியாக வயிறு முன்னால் வருகிறது. கொழுப்பு அங்கே பிரச்சினையே இல்லை. முறையான தசைப் பயிற்சி, அதில் சரியாகாவிட்டால் தைத்துச் சேர்க்கும் அறுவை சிகிச்சை, இவைதான் வழி. அதோடு குடலிறக்கமும் இருந்து, அதைக் கவனிக்காமல் சதையை உறிஞ்சும் கருவியின் கப்பை மேலே வைத்தால் ஆபத்து. இந்தப் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் நான்கு ‘சிட்டிங்’ விற்றுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

நம் நாட்டவருடைய உடம்புக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யூட்கின் என்ற இரண்டு ஆய்வாளர்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசும் உயரக் கணக்கும் ஒருவரை ஒல்லி என்று சொல்லும்போதே அவருக்குள் இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு இருக்கலாம் என்று அந்தப் படம் காட்டியது. அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எச்சரிக்கைக் கோட்டை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டியவர் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும். தோலுக்கடியில் இருப்பதைக் குறைத்தால் நோய் குறைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு அதே 2004-இல் இன்னொரு பதில் கிடைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் சாமுவேல் கிளைன் குழுவினர், உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு லைப்போசக்ஷன் மூலம் கிட்டத்தட்ட பத்து கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதம், ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எதுவும் மாறவில்லை. பத்து கிலோ எடுத்தும் மாறாதது, ஒரு கருவியால் சில நூறு கிராம் குறைந்தால் மாறுமா? ஆகவே இந்தச் சிகிச்சைகள் உருவத்துக்காக மட்டுமே. உருவத்தின் மேல் ஒருவருக்கு அக்கறை இருப்பதில் எந்தத் தவறும் இல்லை. அதை ஆரோக்கியம் என்ற பெயரில் விற்பதுதான் தவறு.

சரி, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு எப்படிப்பட்டது? பெரியவர்களின் உடம்பில் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையானது. இதைக் கண்டுபிடித்த விதம் வியப்பானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தபோது காற்றில் கார்பன்-14 அளவு ஏறியது. அந்தச் சோதனைகளைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது வருடா வருடம் இறங்கியது. அந்தக் கார்பன் பயிர் வழியாகவும் உணவு வழியாகவும் நம் செல்களின் டி.என்.ஏ.வுக்குள் வந்து சேர்ந்தது. ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால் அந்தச் செல் எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் இப்படி அளந்து 2008-இல் வெளியிட்டார்கள். குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பிறகு ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத செல்கள் இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. நாம் இளைத்தால் செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை குறைவதில்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில் செல்களையே கொன்றால் அந்த இடத்தின் வடிவம் மாறும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான். எடை கூடினால் மிச்சமிருக்கும் செல்கள் பெருத்துவிடும் என்பதும் இதோடு சேர்ந்த உண்மை.

அந்தச் செல்களைக் கொல்வதற்கு முதலில் கிடைத்த நல்ல வழி குளிர். மார்கழிக் காலையில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாக நிற்கும். பக்கத்துக் குடத்தில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். கொழுப்பு செல்லுக்கும் தோல் செல்லுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தண்ணீர் நிறைந்த தோலும் நரம்பும் தசையும் தாங்கிக்கொள்ளும் குளிரில், கொழுப்பு செல்லுக்குள் இருக்கும் கொழுப்பு படிகமாகிவிடுகிறது. இதை ஆய்வகத்துக்கு முன்பே மருத்துவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தையின் கன்னம் சிவந்து கெட்டியாகி, பிறகு அந்த இடத்துக் கொழுப்பு தற்காலிகமாகக் கரைந்ததை 1970-இல் அமெரிக்காவில் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். பனிக்காலத்தில் இறுக்கமான கால்சட்டையோடு குதிரை ஓட்டிய பெண்களின் தொடையில் அதே மாதிரி கட்டிகள் வந்ததைப் பற்றி 1980-இல் ஒரு கட்டுரை வந்தது. பாஸ்டன் நகரத்தின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டீட்டர் மான்ஸ்டைனும் ராக்ஸ் ஆண்டர்சனும் இதை எடுத்துக்கொண்டு பன்றிகளின் தோலில் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். கிரையோலிபோலிசிஸ் என்று அதற்குப் பெயர். கூல்ஸ்கல்ப்டிங் என்ற வணிகப் பெயரில் 2010-இல் இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்கும், 2012-இல் வயிற்றுக்கும் அமெரிக்க உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது.

சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தோலைக் குளிரிலிருந்து காப்பாற்றும் ஜெல் தோய்ந்த ஒரு துணியை முதலில் விரிக்கிறார்கள். அது சுருக்கமில்லாமல், இடைவெளியில்லாமல் படிந்திருக்க வேண்டும். அதில் கஞ்சத்தனம் செய்தால் தோல் வெந்ததுபோல் உறைந்து புண்ணாகிவிடும். அதன்மேல் கப்பை வைத்தால் அது மடிப்பை உள்ளே உறிஞ்சுகிறது. கப்பின் சுவர்கள் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வாக்கில் குளிர்கின்றன. முதல் சில நிமிடம் கடுக்கும், குத்தும், பிறகு மரத்துப்போகும். கருவியின் வகையைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கப்பை எடுத்தவுடன் பார்த்தால் சதை கப்பின் வடிவத்திலேயே விறைத்து நிற்கும், தொட்டால் சில்லென்று கட்டியாக இருக்கும். அதை இரண்டு நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். பிசைந்தால் பலன் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த இரண்டு நிமிடம் பலருக்குச் சிகிச்சையைவிட அதிகமாக வலிக்கும்.

அன்றைக்கு எதுவும் மாறியிருக்காது. காயப்பட்ட கொழுப்பு செல்கள் அடுத்த நாட்களில் தாமாகவே மடியத் தொடங்குகின்றன. இரண்டு வாரத்தில் அழற்சி உச்சத்துக்கு வருகிறது. உடம்பின் துப்புரவு செல்களான மேக்ரோஃபேஜ்கள் வந்து, மடிந்தவற்றை விழுங்கிச் செரிக்கின்றன. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிறுநீரில் போவதில்லை, வியர்வையில் வடிவதும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பின் வழக்கமான கொழுப்புச் செரிமானத்தில் சேர்ந்துவிடுகிறது. ரத்தக் கொழுப்போ கல்லீரல் சோதனையோ இதனால் குறிப்பிடும்படி மாறவில்லை என்று பார்த்திருக்கிறார்கள். பலன் எவ்வளவு? கப்பு வைத்த இடத்துக் கொழுப்பு அடுக்கின் தடிமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, நன்றாக வந்தால் நாலில் ஒரு பங்கு. தராசில் இது தெரியாது. புடவை கட்டுகிற இடத்தில், பேன்ட் பொத்தான் போடுகிற இடத்தில் தெரியும். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கல்யாணப் பெண்ணை அழைத்துக்கொண்டு வருகிற தாய்மார்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நிச்சயதார்த்தத்தின்போதே வந்திருந்தால் யோசித்திருக்கலாம், இப்போது பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

குளிர் எப்போதும் நாம் நினைத்தபடி நடந்துகொள்வதில்லை. 2014-இல் ஜாமா டெர்மட்டாலஜி இதழில், இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கொழுப்பு குறையாமல் கப்பு வைத்த இடத்தில் கப்பின் வடிவத்திலேயே பெருத்து, கெட்டியாகி நின்ற ஒருவரைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து இது தலைகாட்டுகிறது; தானாகக் கரைவதில்லை; பட்டினி கிடந்தாலும் ஓடினாலும் போவதில்லை; அறுவை சிகிச்சையால்தான் எடுக்க வேண்டும். உயிர் பிழைத்த செல்கள் ஏன் இப்படிப் பெருக்கின்றன என்பதற்கு இன்றும் தெளிவான விடை இல்லை. ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வருகிறது. இருபதாயிரம் சிகிச்சைக்கு ஒன்று என்று முதலில் கணக்குச் சொன்னார்கள். பிறகு வந்த கணக்குகள் அதைவிடப் பல மடங்கு அதிகம் என்றன. உலகம் இதை அறிந்தது லிண்டா எவஞ்சலிஸ்டா வாய் திறந்த பிறகுதான். 1990களின் புகழ்பெற்ற மாடல் அழகி அவர். 2015, 2016 ஆண்டுகளில் செய்துகொண்ட இந்தச் சிகிச்சையால் தன் உருவம் சிதைந்துவிட்டது என்றும், இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றும், வெளியே தலைகாட்டாமல் ஒடுங்கிக் கிடந்ததாகவும் 2021 செப்டம்பரில் அறிவித்தார். ஐந்து கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2022-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அழகையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த ஒரு பெண் தன் உடம்பைக் காட்டி இதைச் சொன்னதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவருக்குப் பிறகுதான் ஒப்புதல் படிவத்தில் இந்த ஆபத்தைச் சொல்லும் வரியை மக்கள் விரல் வைத்துப் படிக்கிறார்கள். வாய்ப்பு மிகக் குறைவு என்பது மருத்துவருக்கு ஆறுதல். யாருக்கு வந்ததோ அவருக்கு அது நூற்றுக்கு நூறு.

கொழுப்பிலிருந்து தோலுக்கு வருகிறேன். தோலின் உறுதிக்குக் காரணம் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் அமைப்பு அது. வயது வந்த பிறகு ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரும் சில ஆண்டுகளில் சரிவு இன்னும் வேகமாக இருக்கும். இந்த முறுக்கை அறுபது, அறுபத்தைந்து டிகிரிக்குச் சூடாக்கினால் இழைகளைப் பிணைத்திருக்கும் பிணைப்புகள் அறுந்து அவை சுருங்குகின்றன. அது உடனே தெரியும் சிறு இறுக்கம். அதன்பின் உடம்பு அதைக் காயம் என்று கண்டுகொண்டு, புதுக் கொலாஜனை நெய்ய ஆரம்பிக்கிறது. மூன்றிலிருந்து ஆறு மாதம் அந்த வேலை நடக்கும். மேல்தோல் வேகாமல் உள்தோலை மட்டும் எப்படிச் சூடாக்குவது என்பதே இந்தத் துறையின் முழுச் சிக்கல்.

ரேடியோ அலைவரிசை மின்சாரம் ஒரு விடை. சாதாரண மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் தசை உதறும். நொடிக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் தசையை உதறவைக்காமல் சூட்டை மட்டும் தருகிறது என்று பாரிஸில் ஆர்சின் தார்சோன்வால் 1891 வாக்கிலேயே காட்டிவிட்டார். தோலை இறுக்க வந்த முதல் கருவியான தெர்மேஜுக்கு 2002-இல் கண்ணைச் சுற்றிய சுருக்கத்துக்காக அனுமதி கிடைத்தது. அதன் மின்சாரம் நொடிக்கு 67 லட்சத்து 80 ஆயிரம் தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. திசுவின் மின்தடையால் ஆழத்தில் சூடு பிறக்கிறது. கருவியின் தலைப்பகுதியில் இருந்து பாயும் குளிர்திரவம் மேல்தோலைக் காப்பாற்றுகிறது. ஆரம்பத்தில் ஒரே தடவையில் அதிக சக்தியைக் கொடுத்தார்கள். வலி தாங்க முடியவில்லை. சிலருக்குத் தீப்புண் வந்தது, சிலருக்கு உள்ளே கொழுப்பு கரைந்து கன்னத்தில் குழி விழுந்தது. பிறகு முறையை மாற்றினார்கள். சக்தியைக் குறைத்து, ஒரே இடத்தில் பல தடவை போய்வந்து, ஒவ்வொரு தடவையும் ‘எவ்வளவு சூடு?’ என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை வைத்து அளவைத் தீர்மானிக்கிறார்கள். படுத்திருப்பவரின் வாய்தான் அங்கே பாதுகாப்புக் கருவி. ஆகவே இந்தச் சிகிச்சைக்கு ஆழ்ந்த மயக்கம் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இதன் பக்கம் போகவே கூடாது.

அடுத்தது ஒலி. வயிற்று ஸ்கேனில் குழந்தையைப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட் அலைகளை ஒரு புள்ளியில் குவித்தால், வழியில் உள்ள திசுவுக்கு ஒன்றும் ஆகாமல் அந்தப் புள்ளி மட்டும் அறுபது எழுபது டிகிரிக்குச் சூடாகிறது. முகத்துக்கு 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் என்று ஆழத்துக்கு ஒன்றாகக் கருவிக்குத் தனித்தனித் தலைகள் உண்டு. கடைசி ஆழத்தில் இருப்பது முகத்தசையோடு ஒட்டிய ஒரு நார்ப்படலம். 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு மருத்துவர்கள் அதை விவரித்தார்கள். முகத்தை இழுத்துக் கட்டும் அறுவை நிபுணர்கள் பிடித்து இழுப்பது அந்தப் படலத்தைத்தான். கத்தி இல்லாமல் அதை எட்ட முடிந்தது பெரிய சாதனை என்றே நான் மதிக்கிறேன். அல்தெரபி என்ற கருவிக்குப் புருவம் உயர்த்த 2009-இல் அனுமதி கிடைத்தது. அதில் திரை உண்டு. எந்த அடுக்கில் அலையைக் குவிக்கிறோம் என்று பார்த்துச் செய்யலாம். சந்தையில் ஹைஃபூ என்று விற்கிற மலிவான கருவிகள் பலவற்றில் திரை கிடையாது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுடுவதற்குச் சமம். மெலிந்த முகத்தில் ஆழம் தவறினால் இருக்கிற கொழுப்பும் போய் முகம் ஒட்டிவிடும். தாடையோரத்தில் வாயின் ஓரத்தை இயக்கும் நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் சிரிப்பு சில வாரங்களுக்குக் கோணலாகலாம். ஒரு பெண்ணின் தாடை நெடுகப் பழுப்பு நிறத்தில் இணைகோடுகள் வரிசையாக விழுந்திருந்ததை என் அறையில் பார்த்தேன். கருவியின் தலையைத் தோலோடு முழுதும் பொருத்தாமல், ஜெல் போதாமல், அலை மேலேயே குவிந்து சுட்ட தடங்கள் அவை. செய்தவர் மருத்துவர் இல்லை. கோடுகள் மங்க ஒரு வருடம் ஆயிற்று.

லேசர் கருவியும் காந்தக் கருவியும் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். 1060 நானோமீட்டர் லேசர் ஒளி கொழுப்பை 42-லிருந்து 47 டிகிரி வரை 25 நிமிடம் சூடாக்கி வைக்கிறது. பலன் குளிர் சிகிச்சையைப் போலத்தான், காத்திருக்கும் காலமும் அதேதான். காந்தக் கருவி தனி வகை. மாறும் காந்தப்புலத்தால் தசையில் மின்னோட்டத்தை உண்டாக்கி, அரை மணி நேரத்தில் 20,000 தடவை சுருங்கவைக்கிறது. தசை கொஞ்சம் தடிக்கிறது. பயிற்சி செய்தாலும் தடிக்கும், விட்டால் இளைக்கும், இதுவும் அப்படியே.

நம் தோலின் நிறத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. தோலை நிறத்தாலும் வெயிலுக்கு அது நடந்துகொள்ளும் விதத்தாலும் வகைப்படுத்தும் அளவுகோலை ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் உருவாக்கியபோது, அதில் வெள்ளைத் தோலின் நான்கு வகைகள் மட்டுமே இருந்தன. பழுப்புக்கும் கறுப்புக்குமான ஐந்தாவது, ஆறாவது வகைகள் பிறகு சேர்ந்தவை. நம்மில் பெரும்பாலோர் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவோம். ஒளியை மெலனின் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பல லேசர்களின் சக்தியை நம் தோலுக்குக் குறைத்தே வைக்க வேண்டும். ரேடியோ அலையும் அல்ட்ராசவுண்டும் நிறம் பார்ப்பதில்லை. அதனால் தோலை இறுக்கும் சிகிச்சையில் நமக்கு இவை இரண்டும் பொருத்தமானவை. ஆனால் எந்தச் சூட்டாலோ குளிராலோ மேல்தோல் ஒரு தடவை புண்பட்டுவிட்டால், நம் தோல் அந்த இடத்தில் கறுத்துப்போகும், மாதக்கணக்கில் நிற்கும். வெளிநாட்டுக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் எண்களை அப்படியே திருப்பி வைப்பவரிடம் நம் தோலைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

‘எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது’ என்று போர்டில் எழுதியிருப்பதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்கும் அனுமதி, ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு இது ஈடானது என்று காட்டினால் கிடைப்பது. புது மருந்துக்குக் கேட்கும் அளவுக்குப் பெரிய ஆய்வுகளை அதற்குக் கேட்பதில்லை. அதுவும் குறிப்பிட்ட கருவிக்கு, குறிப்பிட்ட உறுப்புக்கு. இடுப்புக்கு அனுமதி வாங்கியதைக் காட்டி வேறு இடத்தில் வைப்பதும், ஒரு கம்பெனிக் கருவியின் அனுமதியைச் சொல்லி அதன் நகலை வைப்பதும் நடக்கிறது. நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அழகியல் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தபோது, யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது என்றே எழுத வேண்டியிருந்தது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் கடினமானவை இல்லை. கருவியின் பெயர் என்ன, யார் கையால் செய்கிறார்கள், புண் வந்தால் இரவில் யாருக்குப் போன் பண்ணலாம், எனக்கு இது தேவையில்லை என்று கடைசியாக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். பேக்கேஜாக முன்பணம் கேட்டால் ஒரு தடவைக்கு மட்டும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு புது நிலைமை. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி என்று எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. பசியைக் குறைத்து நிஜமாகவே எடையை இறக்குகின்றன. உள்ளே குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பும் குறைகிறது. எந்தக் கப்பாலும் முடியாததை மருந்து செய்கிறது. அதோடு முகம் தொய்ந்து, மேல் கை தொங்கி, வயிற்றுத் தோல் சுருங்கிய துணியாக விழுந்தவர்கள் இப்போது என்னிடம் வருகிறார்கள். பதினைந்து கிலோ, இருபது கிலோ குறைத்துவிட்டு, கண்ணாடி முன் நிற்கப் பிடிக்கவில்லை என்று சொல்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதை உங்களிடமும் சொல்கிறேன். எடை குறைந்துகொண்டிருக்கும்போது தோல் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம். எடை சில மாதம் ஒரே இடத்தில் நிற்கட்டும். புரதம் போதிய அளவு சாப்பிடுங்கள், தசைக்குப் பயிற்சி கொடுங்கள்; தசை போனால் தொய்வு கூடும். தோல் இலேசாகத் தளர்ந்திருந்தால், பிடித்து விட்டவுடன் மெதுவாகவாவது திரும்பிப் போனால், ரேடியோ அலையோ அல்ட்ராசவுண்டோ உதவும். மடிந்து தொங்கி, மடிப்புக்குள் வியர்த்துப் புண் வருகிற அளவுக்கு இருந்தால் எந்தக் கருவியும் அதை ஏற்றாது. அதற்கு அறுவை சிகிச்சைதான், நல்ல பிளாஸ்டிக் சர்ஜனிடம் போக வேண்டும். அதை முதல் நாளே சொல்லாமல் ஆறு சிட்டிங் முடிந்த பிறகு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நேரம் இருக்கிறது. கேள்விகளைக் கேளுங்கள். பொதுவில் கேட்கத் தயங்குபவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம், பெயர் வேண்டாம்.